மாப்பெட்டிச் சாவி

இலங்கை மலையகத்து ஊத்துமலைத் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் வயிறு ஒட்டிக் கிடந்த எழுபத்து நாலாம் வருஷத்தில் வள்ளியம்மைக்கு மட்டும் உடம்பு தேறியது. கடைக்குக் கோதுமை மா வரவில்லை. அரிசி கைப்பிடிக் கணக்காகிவிட்டது. மரவள்ளிக் கிழங்கையும் வட்டக்காயையும் கீரையையும் அவித்துத் தின்று சனங்கள் எப்படியோ நடமாடிக்கொண்டிருந்தார்கள். அதே கிழங்கைத் தின்ற வள்ளியம்மையின் கன்னத்தில் சதை வைத்தது. "எங்கயோ ஒளிச்சு வச்சுத் திங்கிறா" என்று வரிசை வீடுகளான லயத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. பஞ்சத்தில் ஒருத்தி தேறினால் வேறென்ன பேசுவார்கள்? மறு வருஷம் மா வந்தது. வீட்டுக்கு வீடு ரொட்டிக்கல் காய்ந்தது. லயத்துக்கு உயிர் வந்தது, வள்ளியம்மைக்கு வயிறு கெட்டது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தோட்டத்துப் பிள்ளை பல் முளைத்ததும் கடிப்பது ரொட்டியைத்தான். விடிகிறதற்கு முன்னால் தேங்காய்ப்பூ போட்டு மாப் பிசைந்து, உள்ளங்கை கனத்துக்குத் தட்டி, ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைத் துணியில் கட்டிக்கொண்டு மலைக்குப் போவது இங்கே வழக்கம். அது ஒருத்திக்கு ஆகாது என்று சொன்னால் காற்று ஆகாது என்று சொன்ன மாதிரிதான் கேட்டிருப்பார்கள்.

மூன்று வருஷத்தில் வள்ளியம்மை பாதியாகிப் போனாள். தின்ற அரை மணியில் வயிறு மத்தளமாக ஊதும். பிறகு கழியும். கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடுவாள். ஆறாம் நம்பர் மலையில் அவள் ஒதுங்காத மூலை இல்லை என்று கங்காணி கேலி பேசினார். அடுத்த நிரையில் கொழுந்தெடுக்கும் கருப்பம்மாதான் யாரும் பார்க்காதபோது தன் கூடையிலிருந்து இரண்டு பிடி அள்ளி அவள் கூடையில் போடுவாள். கருப்பம்மா லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரி. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே இருமினால் இங்கே "தண்ணி குடி" என்பார்கள்.

தோட்டத்து மருந்துக்காரர் கொடுத்த வெள்ளைத் தண்ணீர் மருந்தெல்லாம் தீர்ந்த பிறகு, சித்திரை வருஷப் பிறப்பு முடிந்த கையோடு புருஷன் லிங்கம் அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஹல்துமுல்லையில் பஸ் ஏறி, பண்டாரவளையில் மாறி, நடுவில் இரண்டு தடவை பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, வெட்கப்பட்டு, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் தராசில் ஏற்றினார்கள். எழுபத்திரண்டு ராத்தல், முப்பத்து மூன்று கிலோகூடத் தேறாது. இருபத்தொன்பது வயதுப் பொம்பளை.

யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா ஒருத்தர் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு யாரும் இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"இந்த வயித்து வருத்தம் எப்ப தொடங்கினது எண்டது இருக்கட்டும். எப்ப நல்லா இருந்தனீங்கள்? யோசிச்சுச் சொல்லுங்கோ."

வள்ளியம்மை புருஷனைப் பார்த்தாள். சொல்லக் கூசியது.

"பஞ்சத்துலதாங்க நல்லா இருந்தேன்."

டொக்டர் அம்மா பேனையைக் கீழே வைத்தார். "அப்ப என்ன சாப்பிட்டனீங்கள்?"

"கெழங்குங்க. கீரைங்க. மா எங்கங்க கெடச்சிச்சு?"

அவர் இன்னும் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார். "கோதுமை மாவில ஒரு பசை இருக்கு. உருட்டேக்க கையில ஒட்டுதெல்லே, அதுதான். சில பேற்ற குடலுக்கு அது சரிவராது. குடலை உள்ளுக்க அரிச்சுப் போடும். ரொட்டி, பாண், பணிஸ், ரவை, பிஸ்கற், பார்லித் தண்ணி ஒண்டும் இனி வாயில வைக்கக் கூடாது. ஒரு விரல்நுனி எண்டாலும் கூடாது."

"அப்புறம் எதத்தாங்க திங்கிறது?" என்றான் லிங்கம். அவனுக்குத் தெரிந்த சாப்பாடு முழுவதையும் அந்த அம்மா ஒரு மூச்சில் சொல்லி முடித்திருந்தார்.

"சோறு, குரக்கன், கிழங்கு, மரக்கறி, மீன். பஞ்சத்தில சாப்பிட்ட மாதிரித்தான். வயிறு நிறையச் சாப்பிடுங்கோ."

திரும்பி வரும் வழியில் பண்டாரவளையில் புஹாரி நானாவின் பலசரக்குக் கடையில் குரக்கன் என்கிற கேழ்வரகு மா வாங்கினார்கள். அன்றைக்கே லிங்கம் வீட்டில் ஏற்பாடு சொல்லிவிட்டான்: வீட்டுக்குக் கிடைக்கிற அரிசி முழுவதும் வள்ளியம்மைக்கு. அவனும் மகள் பாக்கியலெட்சுமியும் மூன்று வேளையும் ரொட்டி. ஒன்பது வயது மகள் முகத்தைச் சுளிக்கவில்லை. கஞ்சி வடிக்கும்போது மட்டும் அடுப்புப் பக்கம் வந்து நின்று வாசம் பிடிப்பாள். அதைப் பார்த்துவிட்டு வள்ளியம்மைக்குச் சோறு இறங்காது.

முதல் மாதம் குணம் தெரிந்தது. ஓட்டம் குறைந்தது. ஆறாம் நம்பர் மலையில் செடிக்குள் ஒதுங்காமல் தொடர்ந்து மூன்று நாள் கொழுந்தெடுத்தாள். லிங்கம் மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தான். அதற்குப் பிறகு அப்படியே நின்றுவிட்டது. ஓட்டம் முழுதாக நிற்கவில்லை, ஊதல் போகவில்லை. சாயங்காலமானால் தொப்புளைச் சுற்றிப் பிசைந்து எடுக்கும். அவள் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள்.

கருப்பம்மா சும்மா இருப்பாளா? கைமருந்தில் அவளுக்குத் தோட்டம் முழுக்கப் பேர். கங்காணியின் வயிற்றுவலியையே நிறுத்தியவள்.

"வாயுடி இது. மாவ நிப்பாட்டுனா போதுமா? உள்ள நிக்கிற வாயு போவணுமில்ல" என்று பெருங்காயக் கட்டியைக் கிள்ளி, கொண்டைக்கடலை அளவு உருட்டிக் கையில் வைத்தாள். "சுடுதண்ணியில முழுங்கு. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, பொழுது சாய ஒண்ணு. ரசத்துலயும் கைநெறையப் போடு."

உருண்டை உள்ளே போனதும் ஏப்பம் வரும். ஏப்பம் வந்தால் கொஞ்சம் லேசாகும். வள்ளியம்மைக்கு அது பெரிய ஆறுதல். வலி கூடுகிற நாளில் நாலாக விழுங்குவாள். முந்தானை முடிச்சில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும்.

ஆடிக் காற்று மலையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தபோது இரண்டாவது தடவை கிளினிக்குக்குப் போனார்கள். எழுபத்து நாலு ராத்தல். மூன்று மாதத்துச் சோறும் குரக்கனும் சேர்ந்து இரண்டே ராத்தல்.

டொக்டர் அம்மா கடுமையாகக் கேட்கவில்லை. "ஒரு வாய் எண்டாலும் ரொட்டி சாப்பிட்டனீங்களோ? ஆசை வாறது இயல்புதான். மறைக்காமச் சொல்லுங்கோ."

"மாரியாத்தா மேல சத்தியமா இல்லீங்க."

"சத்தியம் வேண்டாம். தீபாவளி முடிய வாற கிளினிக்குக்கு வாங்கோ. அப்பவும் இப்பிடித்தான் எண்டா இது மாவால வந்த வருத்தமா எண்டதே எனக்குச் சந்தேகம். கொழும்புக்கு அனுப்பி வயித்தத் திறந்துதான் பாக்க வேணும்."

வயிற்றைத் திறப்பது என்றதும் லிங்கத்துக்குக் காது அடைத்துப் போனது. அவனுடைய அம்மாவைக் கொழும்புக்குக் கொண்டுபோனவர்கள் திரும்பி வரும்போது துணிமூட்டையை மட்டும்தான் கொண்டுவந்தார்கள். பண்டாரவளையில் இறங்கி, "இரு வாறேன்" என்று போய் ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு வந்தான்.

அவர்கள் வீட்டில் மா வைப்பது பழைய தேயிலைப் பெட்டியில். உள்ளே ஈயத்தாள் ஒட்டியது, எலி போகாது. லிங்கம் மூடியில் நாதாங்கி அடித்துப் பூட்டைத் தொங்கவிட்டான். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான். வள்ளியம்மை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிங்கம் கெட்டவன் இல்லை, பயந்தவன். ஆனால் பயந்தவன் அடிக்கிற ஆணியும் சுவரில் அதே ஓட்டையைத்தான் போடுகிறது. அந்தப் பூட்டைப் பார்த்தபோது வள்ளியம்மைக்கு வயிற்றுவலியைவிட அதிகமாக வலித்தது.

பூட்டின் கூத்து மறுநாள் காலையில் ஆரம்பமானது. சாவி அவனிடம். மாவை அவள் தொடக் கூடாது. மகளுக்குப் பெட்டி மூடியைத் தூக்க முடியாது. அப்படியானால் இதுவரை அவள் பிசைந்த மாவை இனிப் பிசைவது யார்? செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி தவிர வேறெதையும் பிடித்தறியாத லிங்கம் மாப் பிசையும் தாச்சியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்தான். தண்ணீர் கூடிப் போனது. மாப் போட்டான். மாக் கூடிப் போனது. தண்ணீர் ஊற்றினான். கடைசியில் நாலு வீட்டுக்குக் காணும் அளவு வந்துவிட்டது.

பேர் பதியும் காலைப் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நின்றுவிட்டார்கள்.

"அடியே, வந்து பாருங்கடி, லிங்கண்ணே செவுத்துக்குப் பூசப் போறாரு!" என்றாள் கருப்பம்மா.

"போக்கா வேலையப் பாத்துக்கிட்டு."

"ஆம்பள மாப் பெசஞ்சு இந்த லயத்துல நான் பாத்ததில்ல. இன்னிலருந்து நீங்க ரொட்டிக் கங்காணி."

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மலையில் கவ்வாத்து வெட்டும் ஆண்கள்கூட, "என்னா ரொட்டிக் கங்காணி, இன்னிக்கு எத்தன வெந்துச்சு, எத்தன கருகுச்சு?" என்று விசாரித்தார்கள். லிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் பிசைந்தான். ஒரு மாதத்தில் ரொட்டி வட்டமாகவே வந்தது. வள்ளியம்மைக்கும் ஊதல் ஒரு சுற்றுக் குறைந்தது. அதைப் பார்த்து அவனுக்கு உள்ளூர ஒரு நினைப்பு: பூட்டினேன், குறைந்தது. ஆக, அவள் தின்றுதான் இருக்கிறாள்.

அந்த நினைப்பு அவன் முகத்தில் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காற்று கூரைத் தகரத்தைத் தடதடவென்று ஆட்டிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டே விட்டாள்.

"நீங்களும் நம்பலயா?"

"டொக்டர் அம்மாவே கேட்டாங்கள்ல."

"அவங்க கேக்கலாம். அவங்க என்னோட பதினோரு வருஷம் குடும்பம் நடத்தல."

"பின்ன ஏன் கொறயுது இப்ப? பூட்டுன பொறவு ஏன் கொறயுது?"

"எனக்கென்னா தெரியும்? தெரிஞ்சா ஒங்க வாயால இதக் கேப்பேனா?" அவள் மாப்பெட்டிப் பூட்டைக் கைகாட்டினாள். "பஞ்சத்துல ஊரே சொல்லிச்சு, ஒளிச்சுத் திங்கிறான்னு. அப்ப நீங்க ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் நின்னு சண்ட போட்டீங்க. இப்ப நீங்களே பூட்டுறீங்க."

லிங்கம் எழுந்து போய் விறகு பிளந்தான்.

அன்றைக்குச் சோறு போடும்போது வள்ளியம்மை தன் தட்டை மகள் பக்கம் தள்ளினாள். "நீ தின்னு பாப்பா. எனக்கு எதுவும் ஒத்துக்கல. நான் எப்புடியும் கொழும்புக்குப் போறவ. அரிசிய ஏன் வீணாக்கணும்?"

பாக்கியலெட்சுமி தட்டைத் தொடவில்லை. அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "நீங்க தின்னாத்தாம்மா நான் ரொட்டி திம்பேன்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். வள்ளியம்மை அந்தச் சோற்றைக் கண்ணீரோடுதான் தின்றாள். ஆனாலும் தின்றாள்.

தீபாவளி முடிந்தது. மழை பிடித்துக்கொண்டது. கிளினிக் நாளில் முதல் பஸ்ஸில் பண்டாரவளை வந்து சேர்ந்தபோது பதுளை பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. புஹாரி நானா கடையில் ஒதுங்கினார்கள். கொச்சிக்காயும் கருவாடும் மணக்கிற நீளமான கடை. தராசுக்குப் பின்னால் தொப்பி வைத்த நானா. வள்ளியம்மை வாசல் மூட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள். பஸ் குலுக்கலில் வயிறு முறுக்கத் தொடங்கியிருந்தது.

"இங்க வந்து இரிங்க தங்கச்சி" என்று நானா முக்காலியை இழுத்துப் போட்டார். "என்ன தம்பி, இன்னமும் சொகமில்லயா?"

"எங்க நானா! ஆறேழு மாசமா மாவையே கண்ணுல காட்டல. இன்னிக்குப் போனா கொழும்புக்குத்தான் அனுப்புவாங்க."

வள்ளியம்மை முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டை எடுத்தாள். "நானா, கொஞ்சம் சுடுதண்ணி கெடைக்குமா? இத முழுங்குனா கேக்கும்."

"என்னது அது?"

"பெருங்காயங்க. ஒங்க கடையில வாங்குனதுதான்."

நானா சுடுதண்ணீர்க் கிளாஸை நீட்டப் போனவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "டொக்டர் என்ன செல்லீக்கிறாங்க? கோதும மா ஒரு துளியும் ஆகாதுண்டுதானே?"

"ஆமாங்க."

"அப்ப இத எத்தினி நாளா திங்கிறீங்க?"

"ஆறு மாசமாங்க. ஒரு நாளக்கி மூணு. வலி வந்தா நாலு."

"யா அல்லாஹ்! இதுல மா ஈக்கே தங்கச்சி!"

லிங்கம்தான் முதலில் சுதாரித்தான். "மாவா? பெருங்காயத்துலயா?"

"சுத்தமான காயம் பிசின் தம்பி. அத அப்பிடியே வித்தா வாய் வெந்து போகும், வாசத்துக்குப் பக்கத்துல நிக்க ஏலா. பிசினோட கோதும மாவும் சேத்துப் பெசஞ்சுதான் கட்டி போடுற. இந்தச் சாமான் வார எடத்துலயே அப்பிடித்தான். பாதிக்கு மேல மா. ரசத்துக்குப் போடுற எங்களுக்கு அது ஒண்டும் செய்யாது. இவங்களுக்கு?"

லிங்கம் நம்ப மறுத்தான். அவனுக்கு நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான். நானா அந்தத் துண்டை வாங்கி, கிளாஸ் தண்ணீரில் நனைத்து, இரண்டு விரலுக்கு நடுவே வைத்துப் பிசைந்தார். மஞ்சள் தண்ணீர் வடிந்தது. பிசையப் பிசைய அது மிருதுவானது. விரலை விரித்தார். விட்டுப் போகாமல் இழுபட்டு நீண்டது.

மூன்று மாதமாகத் தினம் காலையில் அந்த இழுவையைத் தன் விரலில் பார்த்தவன் லிங்கம். வேறு யாரும் அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முக்காலியில் இருந்த மனைவியைப் பார்த்தான். அவள் வலியையும் மறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமா கோபமா என்று பிரிக்க முடியாத பார்வை. இரண்டும்தான் இருந்திருக்கும்.

"நான் திங்கல" என்றாள். அவ்வளவுதான்.

டொக்டர் அம்மா முழுக்கதையையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார். "எனக்கு ஒருதரும் இதப் படிப்பிக்கேல்ல. எங்கட வீட்டுச் சமையலிலயும்தான் பெருங்காயம் போடுறம், நான் அது என்னத்தில செய்யிறது எண்டு ஒரு நாளும் யோசிச்சதில்ல." பிறகு வள்ளியம்மையிடம், "உங்களக் களவாச் சாப்பிட்டனீங்களோ எண்டு கேட்டனான். அத மனசில வச்சுக்கொள்ளாதேங்கோ" என்றார். லிங்கத்திடம் வேறொன்று கேட்டார். "வீட்டில மாப் பிசையிறது ஆர்?"

"நாந்தாங்க" என்றான் லிங்கம், தலையைச் சொறிந்துகொண்டு.

"நல்ல வேலை. அதாலதான் கொஞ்சமாவது குறைஞ்சிருக்கு. பிசையிற கையில, நகத்துக்குள்ள, கல்லில எல்லாம் மா ஒட்டும், இவ இனி மாவில கை வைக்கக் கூடாது. இவவின்ர குரக்கன் ரொட்டிக்கு வேற கல்லு வையுங்கோ. கொழும்புக் கதை இப்ப வேண்டாம். தைப்பொங்கல் முடிய வாங்கோ."

லயத்தில் இந்தச் செய்தியைக் கருப்பம்மாவுக்குச் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. அவள் முதலில் சிரித்தாள். பிறகு நானா கடையில் நடந்ததைக் கேட்டதும் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப ஒனக்கு வெசம் குடுத்தது நாந்தானா? ஆறு மாசமா ஏங்கையால உருட்டி உருட்டிக் குடுத்தேனே!"

"மருந்துன்னுதானே குடுத்த அக்கா. ஒங் கூடையிலருந்து கொழுந்தையும்தான் எனக்கு அள்ளிப் போட்ட. அத யாரு போட்டா?"

கருப்பம்மா பெருங்காய டப்பாவைச் சாக்கடைக் கானில் கவிழ்த்தாள். அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் ஒரு போத்தல் சீரகத் தண்ணீர் வள்ளியம்மை வீட்டு வாசலில் வந்து நிற்கும். அதற்கு முன்னால் சீரகத்தை முறத்தில் கொட்டி மூன்று தடவை புடைப்பாள். யாராவது கேட்டால், "இதுக்குள்ள என்னா எழவு கலந்திருக்கோ, யாரு கண்டா?" என்பாள்.

இரண்டு வாரத்தில் ஓட்டம் நின்றது. ஒரு மாதத்தில் ஊதல் வடிந்தது. ஒரு நாள் சாயங்காலம் வள்ளியம்மை முழங்காலைக் கட்டாமல், காலை நீட்டி இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள். வலி வரும் வரும் என்று காத்திருந்தாள். இருட்டிவிட்டது, வரவில்லை. அவளுக்கு அழுகை வந்தது.

மார்கழிக் கடைசியில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அன்றைய எடுப்பு முடிந்ததும் கருப்பம்மா ஆரம்பித்தாள். "கணக்குப்பிள்ள ஐயா, இவளையும் ஒருக்கா நிறுத்துப் பாருங்க. பதுளைக்குப் போற வரைக்கும் எங்களுக்குப் பொறுக்காது."

வேண்டாம் வேண்டாம் என்றவளை விடவில்லை. தராசுக் கொக்கியில் கயிற்றை மடித்து மாட்டி, சாக்கைப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். கால் தரையை விட்டு எழும்பியது. தினமும் கொழுந்தின் ஈரத்துக்கென்று எடை கழிக்கும் கணக்குப்பிள்ளை கண்ணாடியைத் தூக்கிவிட்டு முள்ளைப் பார்த்தார்.

"எம்பத்தேழு. தண்ணிக்கு ரெண்டு கழிச்சா எம்பத்தஞ்சு."

"ஐயையோ, இவகிட்டயுமா கழிப்பீங்க!" என்று மடுவமே கத்தியது. கணக்குப்பிள்ளை அன்றைக்கு மட்டும் கழிக்காமல் எண்பத்தேழு என்றே உரக்கச் சொன்னார். அவருடைய உத்தியோகத்தில் அப்படியொன்று நடந்தது அதுதான் முதல் தடவை.

வள்ளியம்மைக்கு முன்னால் செய்தி லயத்துக்குப் போய்விட்டது. அவள் வந்தபோது லிங்கம் மாப்பெட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து உள்ளங்கையில் வைத்திருந்தான். பண்டாரவளையில் அன்றைக்கு வாய் வரைக்கும் வந்து வெளியே வராத ஒன்று இன்றைக்கு வந்தது.

"நான் ஒன்ன நம்பியிருக்கணும் புள்ள."

"ஆமா. நம்பியிருக்கணும்" என்றாள் வள்ளியம்மை. பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவளுக்கு அது பரவாயில்லை என்று விடுகிற விஷயம் இல்லை.

அவன் தலையை ஆட்டினான். சாவியை நீட்டினான். "இந்தா. இனிமே நீயே வச்சுக்க."

அவள் வாங்கவில்லை. முகம் கழுவி, தலை துவட்டி, அடுப்பில் தனக்கென்று வைத்திருக்கிற சின்னக் கல்லை ஏற்றினாள். குரக்கன் மாவைத் தட்டிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"நான் மாவுல கை வைக்கக் கூடாதுன்னு டொக்டர் அம்மா சொல்லிருக்காங்க. சாவி எனக்கென்னாத்துக்கு? அந்தப் பூட்டக் கழட்டி வீசிருங்க. அப்புறம் தாச்சிய எடுத்துக்கிட்டு இஸ்தோப்புல போயி ஒக்காருங்க. பாப்பா பசியோட இருக்கா."

லிங்கம் பூட்டைத் திறந்தான். நாதாங்கியையும் கத்தி முனையால் நெம்பி எடுத்தான். மாவை அள்ளிக்கொண்டு வெளியே போய்த் தாச்சியைக் காலுக்கு நடுவில் வைத்தான்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கருப்பம்மாவின் குரல் கேட்டது. "ரொட்டிக் கங்காணி, பூட்டு இல்லாமலுமா பெசையிறீங்க?"

"ஆமாக்கா" என்றான் லிங்கம். "சாகுற வரைக்கும் நாந்தான்."

உள்ளே அடுப்பு வெளிச்சத்தில் வள்ளியம்மை சிரிப்பதை மகள் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாக்கியலெட்சுமி பயந்து ஓடி வந்து, "வலிக்குதாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லடி" என்றாள் வள்ளியம்மை. "வலிக்கல."